அழத் தெரிந்தவள்

கூப்பிடும்வரை ஓரமாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முகம் முழுக்க மஞ்சள் பூச்சும் உதட்டில் கருஞ்சிவப்புமாகப் படப்பிடிப்புக் கொட்டகைக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். யாராவது பார்த்தால் நேராக நடந்தாள். பார்க்காதபோது வலது காலை இழுத்துக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொம்மென்று ஒரு சத்தம், பின்னாலேயே சிரிப்பு. போன மழைக்காலம் வரைக்கும் அந்தத் தொம் அவளுடையது. ஏணியிலிருந்து விழுவாள், ஓடும் வண்டியிலிருந்து விழுவாள், தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுவாள். பேசாத படத்தில் பேர் வாங்க வேறு என்ன வழி? தெருப் பிள்ளைகள்கூட அவளைத் 'தொபுக்கடி' என்றுதான் கூப்பிடும். கடைசியாக மாடிப்படியில் உருண்டபோது இடுப்பு பிசகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் விழுந்தால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. சிரிப்புப் படத்தில் ஐயோ பாவத்துக்கு வேலை இல்லை. இப்போது அங்கே புதிதாக ஒரு பெண் விழுகிறாள். ரப்பர் மாதிரி விழுகிறாளாம்.

சோகப் படத்தில் ஒரு வேஷம் கொடுங்கள் என்று டைரக்டரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "நீ அழுதா ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்களேம்மா."

"ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க சார்."

நேற்று பார்த்தார். சாகக் கிடக்கும் குழந்தையின் கட்டிலருகே தாய். குழந்தை என்பது சுருட்டி வைத்த கம்பளி. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கம்பளியைப் பார்த்து அழச் சொன்னார்கள். வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார்கள், மூக்குதான் ஒழுகியது. முகத்துக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு கார்பன் விளக்குகள் குளவிக் கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தன. சிரிப்புப் படமெல்லாம் வெயிலில் எடுப்பது, அவளுக்கு இந்த விளக்குப் பழக்கமில்லை. "வெளிச்சத்தை நேராப் பாரு, படத்துல கண்ணு நல்லா விழட்டும்" என்றார் டைரக்டர். பார்த்தாள். பார்த்ததுதான் மிச்சம். "நாளைக்கு ஒரு வாய்ப்பு. நாளைக்கும் இதே கதைன்னா வேற ஆளைப் பார்த்துக்குறேன்."

வீட்டுக்குப் போன பிறகுதான் கண்ணுக்குள் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆனது. அதே கம்பெனியில் துணி தைக்கும் அக்கா, தேயிலைத் தூளை நனைத்துக் கண்ணில் வைத்துக் கட்டினாள். "விழுந்தா எலும்பு போகுது, அழுதா கண்ணு போகுது. என்ன பொழப்புடி இது?"

"அழுகையே வரலைக்கா. வந்தாலாவது பரவாயில்ல."

காலையில் இரண்டு கண்ணும் கோவைப்பழமாக இருந்தன. பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டேதான் வந்தாள்.

கூப்பிட்டார்கள். கட்டிலருகே மண்டியிட்டாள். விளக்கைப் போட்டதும் ஊசியால் குத்திய மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, நிறுத்த முடியவில்லை. "எரியுது, அணைங்க" என்றாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அணைங்க" என்று கையை நீட்டிக் கெஞ்சினாள்.

பேசாத படத்தில் வாயால் என்ன சொன்னாலும் ஒன்றுதான். காதல் காட்சியில் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. "அப்படியே, கையை இறக்காத, அப்படியே" என்றார் டைரக்டர். படம்பிடிப்பவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்த இடத்தில், 'கடவுளே, என் குழந்தையைத் திருப்பிக் கொடு' என்று எழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

படம் வெளியானதும் கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் அழுதார்கள். தொபுக்கடி என்ற பேர் போய்விட்டது. அடுத்த படத்தில் விதவை, அதற்கடுத்ததில் சிறைக்குப் போனவனின் மனைவி, பிறகு மறுபடியும் தாய். எல்லாவற்றிலும் அழுகை. எல்லாவற்றிலும் விளக்கு அதே கைக்கெட்டும் தூரத்தில். முதல் நாள் விளக்கைப் பார்ப்பாள், மறுநாள் கண்ணீர் வரும். அவளுக்கே அந்தக் கணக்குப் புரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஊசியில் நூல் கோத்துக் கொடு என்று அக்கா நீட்டியபோது அவளுக்கு ஊசியே தெரியவில்லை.

"என் மூஞ்சியாவது தெரியுதாடி?"

"உன் மூஞ்சி தெரியலைன்னா நல்லதுதானே" என்று சிரிக்கப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் அக்காவே நேராகப் போய் விளக்குக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

விளக்குக்காரர் வயதானவர், அதிகம் பேசாத ஆள். "முன்னாடி நான் இருந்த இடத்துல விளக்குக்கு முன்னால கண்ணாடி மாட்டுவாங்கம்மா" என்றார், நடிக்க வந்து நின்ற அவளிடம். "வெறும் ஜன்னல் கண்ணாடிதான். போட்டா எரியாது. இங்க வெளிச்சம் குறையும்னு வேண்டாம்னுட்டாங்க."

"குறையுமா?"

"யாருக்கும் தெரியாத அளவுக்குத்தான்."

தச்சுப் பட்டறையில் கிடந்த கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, யாரிடமும் கேட்காமல் மாட்டினார். புதுப் படத்தின் ஆரம்பக் காட்சிகளில் அழுகை இல்லை. வாரம் போவதற்குள் கண் வீக்கம் வடிந்தது. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் எது சட்டை எது பாவாடை என்று தெரிந்தது. அக்காவின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி நூல் கோத்தாள். அன்றைக்கு இருவரும் எதற்கென்றில்லாமல் சிரித்தார்கள்.

அழுகைக் காட்சி வந்தது, மறுபடியும் கட்டிலில் கம்பளிக் குழந்தை. மண்டியிட்டாள், கையை நீட்டினாள். செத்துப்போன அம்மாவை நினைத்தாள். இடுப்பை நினைத்தாள். கண் கோடைக் கிணறு மாதிரி கிடந்தது.

"என்னாச்சு உனக்கு?" என்றார் டைரக்டர். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் இல்லை. மத்தியானம்வரை எடுத்தார்கள். அவர் கோபப்படவில்லை. உதவியாளர் பக்கம் திரும்பி, "பக்கத்துல அந்த ரப்பர் பொண்ணு இருக்காளா? வரச் சொல்லு. சும்மா பார்ப்போம்" என்றார்.

அந்தப் பெண் தொட்டியிலிருந்து எழுந்த ஈரத்தோடு வந்து நின்றாள். சின்ன வயது. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கையில் பச்சையும் நீலமுமாகக் கன்றியிருந்தது, மண்டியிட்டிருந்தவளின் தேறிய கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "அழ வருமா உனக்கு?" என்றார் டைரக்டர். "என்ன சொன்னாலும் செய்வேன் சார்" என்றது அந்தப் பெண்.

அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சார், இன்னைக்கு உடம்பு சரியில்ல. நாளைக்குக் காலையில முதல்ல இதை எடுங்க. அழுதுடுவேன்."

"நிச்சயமா?"

"இதுவரைக்கும் எந்தப் படத்துலயாவது நான் அழாம இருந்திருக்கேனா?"

டைரக்டர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "நீயும் காலையில வந்துடு" என்று அந்தப் பெண்ணிடமும் சொன்னார்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். விளக்குக்காரர் மட்டும் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டே அவரிடம் போனாள். இப்போது யார் பார்த்தால் என்ன?

"அண்ணே, கண்ணாடியைக் கழட்டிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்மா."

"கழட்டிட்டு விளக்கைப் போடுங்க. இன்னைக்குப் பார்த்தாத்தான் நாளைக்கு வரும்."

"இப்பத்தானேம்மா தேறி வந்துச்சு. உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவர் கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். பிறகு சட்டத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். தன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, விளக்கைப் போட்டார். அவள் கம்பளியை ஒதுக்கிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு விரலால் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போதுமாம்மா?" என்றார் அவர், திரும்பாமலே.

"இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்கண்ணே."