நஜ்வாவின் பெயரில்

ஒல்ஃபாவின் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பேசி, பக்லாவா இனிப்புக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை நிதாலின் அம்மா போன் செய்தாள். “வலிப்புக்காரப் பொண்ண எங்க பையன் தலையில கட்டப் பாத்தீங்களே, மனசு எப்படி வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒல்ஃபாவுக்கு வலிப்பு வந்தது உண்மைதான். ஸ்ஃபாக்ஸ் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தார்கள். இப்போது மாத்திரைகூட இல்லை. “நிதால்கிட்ட நானே சொல்றேன், யாரும் முந்திக்காதீங்க” என்று அவள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வைத்துச் சொல்வதாக இருந்தாள்.

“அக்கா, நீதானே உளறுன?” என்று நஜ்வாவைக் கேட்டாள் ஒல்ஃபா. வேறு யாரைக் கேட்பாள்? நிதாலின் அண்ணன் வஜ்தியும் நஜ்வாவும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்தச் சம்பந்தமே நஜ்வா கொண்டுவந்ததுதான்.

“அம்மா சத்தியமா நான் வாயே திறக்கலடி.”

“அப்போ காத்து போய்ச் சொல்லிச்சாக்கும்.” ஒல்ஃபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் நஜ்வா வஜ்தியிடமே கேட்டாள். “எங்கம்மா எங்கயோ கேள்விப்பட்டிருக்காங்க நஜ்வா. எனக்கே அவமானமா இருக்கு” என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள்தான் அவனைத் தேற்றினாள்.

மறுவாரம் முதலாளி மோன்ஜி அவளை உள்ளே கூப்பிட்டார். ஊரிலுள்ள மருத்துவமனை, மருந்துக்கடைக் கணினிகளை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வதுதான் அவருடைய தொழில். பட்டியலில் வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் அங்கே இருக்கும் திரை இங்கே விரியும். உள்ளே, ஒல்ஃபாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் நிர்வாகி மதாம் ராதியா முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

“உன் தங்கச்சியோட பழைய ஃபைலத் திறந்து பாத்திருக்க. ரிப்பேருக்குன்னு கொடுத்த சாவி அது. வம்பு பாக்கக் கொடுக்கல.”

“நான் திறக்கலையே, மதாம்.”

“போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைல உள்ள வந்தது உன் பேருதான்.”

அந்தக் காலையில் நஜ்வா பக்கத்து ஊரான மஹ்ரெஸில் ஒரு மருந்துக்கடையின் பிரிண்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். பதிவைக் காட்டச் சொன்னாள். அவள் பெயருக்குப் பக்கத்தில், எந்தக் கணினியிலிருந்து நுழைந்தது என்பதும் இருந்தது. மோன்ஜி அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் மீன் பெயர் வைத்திருந்தார். நஜ்வாவுடையது மத்தி. பதிவில் இருந்தது கணவாய். கணவாய் வஜ்தியின் மேசையில் இருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. போன வருடம் அவள் கால் முறிந்து படுத்திருந்தபோது, வேலை நிற்கக் கூடாதென்று தன் கடவுச்சொற்களையெல்லாம் வஜ்தியின் கணினியில் சேமித்துக் கொடுத்திருந்தாள். திரும்பி வந்ததும், “எல்லாத்தையும் அழிச்சிட்டேன், நீ நிம்மதியா இரு” என்றான் அவன். அவளும் சரி பார்க்கவில்லை. வஜ்தியைச் சரி பார்ப்பதாவது!

நேரே அவன் மேசைக்குப் போனாள். மோன்ஜியும் ராதியாவும் பின்னால் வந்தார்கள்.

“எழுந்திரு.”

“என்ன ஆச்சு?”

“எழுந்திரு, வஜ்தி.”

மருத்துவமனையின் பெயரைத் தட்டினாள். சின்னக் கட்டம் ஒன்று வந்தது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன, மேலே வஜ்தி, கீழே நஜ்வா. யாராக நுழைவது என்று கணினி கேட்டது.

“ஐயோ, அது பழசு. தானா எடுத்துக்கிச்சு போல, நான் கவனிக்கல...” என்றான் வஜ்தி.

“தானா எடுக்காது. ரெண்டு பேர் இருந்தா ஒவ்வொரு தடவையும் கேக்கும். உன் பேரே போதும், அந்த ஃபைல் உனக்கும் திறக்கும். நீ உன் பேரத் தாண்டிக் கீழ வந்து என் பேரத் தட்டியிருக்க.”

வஜ்தி காதுவரை சிவந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அம்மா நச்சரிச்சாங்க. அந்த மருத்துவமனையில ஒல்ஃபாவ எப்பவோ பாத்ததா யாரோ சொன்னாங்களாம். தம்பி வாழ்க்கையில்லையா? உன்கிட்ட கேட்டா நீ மறைச்சிருப்ப.”

“கேட்டிருந்தா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுடான்னு சொல்லியிருப்பேன். உன் பேர்ல போய்ப் பாத்திருந்தாக்கூட ரெண்டு அறை விட்டுட்டுப் போயிருப்பேன். என் தங்கச்சி ஃபைல நானே திறந்த மாதிரி பண்ணிட்டியேடா. போன வாரம் உனக்கு நான் சமாதானம் வேற சொன்னேன்.”



விஷயத்தை அமுக்கப் பார்த்தார் மோன்ஜி. ராதியா விடவில்லை. அன்றைக்கே வஜ்தி வேலையை விட்டுப் போனான். மருத்துவமனை நஜ்வாவின் அனுமதியையும் நீக்கியது. “உன் மேல தப்பில்லன்னு சொல்ல மாட்டேன். கடவுச்சொல்ல அடுத்தவன் கணினியில விட்டு வைக்கலாமா?” என்றார் ராதியா. 

வஜ்தி போன பிறகு கணவாயைத் துப்புரவாக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. சேமித்து வைத்த பெயர்களைத் திறந்து பார்த்தாள். மருத்துவமனை மட்டுமில்லை. மருந்துக்கடை, பல் மருத்துவர், ரத்தப் பரிசோதனைக்கூடம் என்று அவள் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவன் அழிக்கவில்லை. எதற்காக வைத்திருந்தான், வேறு எங்கெல்லாம் அவளாகப் போய்வந்தான் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக நீக்கினாள். ஆறு வருடமாக அந்த மேசையோரம்தான் ரொட்டியும் ஹரிஸா மிளகாய் விழுதும் பங்கிட்டுச் சாப்பிட்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் ஒல்ஃபாவிடம் நடந்ததைச் சொன்னாள். ஒல்ஃபா வெகுநேரம் அழுதாள். பிறகு, “நீ சொல்லலன்னு நம்புறேன். ஆனா சாவிய அவன் கையில குடுத்தது நீதானேக்கா” என்றாள்.

“ஆமா” என்றாள் நஜ்வா.

நிதால் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாம் தடவை ஒல்ஃபா எடுத்தாள். அவன் என்ன சொன்னானோ, இவள் சொன்னது மட்டும் நஜ்வாவுக்குக் கேட்டது: “என்கிட்ட கேக்காம உங்க அண்ணன் சொன்னத வெச்சு முடிவு பண்ணிட்டல்ல? அதோட நிறுத்திக்க.”

போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அக்கா பக்கம் பார்க்காமலே, “காப்பி போடட்டுமா?” என்று கேட்டாள்.