அளவில்லா டேட்டா, முப்பத்தைந்து வெள்ளி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் சந்திரகலாவின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு நீள மேசை, இரண்டு கணினி, ஓயாமல் முனகும் ஒரு ஏர்கோன், அவ்வளவுதான். ஆனால் தீபாவளி நெருங்கிவிட்டால் பெரிய பெரிய கம்பெனிகளின் தமிழெல்லாம் அந்த மாடிப்படி ஏறித்தான் ஆக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் யாரோ நெடுஞ்சாலை ஓரம் வைத்த விளம்பரத்தில் ‘தீபாவளி வாழ்த்துகள்’ கால் ஓரிடம், புள்ளி ஓரிடமாகச் சிதறிக் கிடந்தது. அதைப் படம் பிடித்துப் போட்டு ஊரே சிரித்தது. அன்றிலிருந்து விளம்பர ஏஜென்சிக்காரர்களுக்குப் பயம். தமிழா, சந்திரகலாவிடம் கொடு என்று ஆகிவிட்டது.

அதனால்தான் இந்த வருஷம் ரிம்பா மொபைலின் சுவரொட்டியும் அவளிடம் வந்தது, ஓம்பாக் மொபைலின் சுவரொட்டியும் அவளிடம் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் தொலைபேசிக் கம்பெனிகள். ஒரு வருஷமாக அவர்களுக்குள் அளவில்லா டேட்டா சண்டை. இவன் மாதக் கட்டணத்தில் ஐந்து ரிங்கிட், ஊர்ப் பேச்சில் ஐந்து வெள்ளி, குறைத்தால் அவன் ஏழு வெள்ளி குறைப்பான். அளவில்லாதது என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதன் அளவு என்ன என்பதைச் சுவரொட்டியின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் இரண்டு பேரும் போடுவார்கள். அந்த எறும்புகளை வரிசைப்படுத்துவதும் சந்திரகலாவின் வேலைதான்.

ஒரே ஆளிடம் இரண்டு பேரின் ரகசியமும் இருப்பது ஏஜென்சிகளுக்குத் தெரியும். வேறு ஆள் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு, விலையை வெளியே சொல்ல மாட்டேன் என்று தனித்தனியாக அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இதுவரை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கணவன் கேட்டால்கூட, வியாழக்கிழமை பேப்பரில் பார்த்துக்கொள் என்பாள்.

இரண்டு கம்பெனியும் வியாழக்கிழமை காலை புது விலையை அறிவிப்பதாக இருந்தன. ரிம்பா முப்பத்தைந்து வெள்ளி. அதை அவள் திங்கட்கிழமையே அடித்து முடித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் ஓம்பாக்கின் கடைசித் திருத்தம் வந்தது. இருபத்தொன்பது வெள்ளி. அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் அவள் தம்பி தனேஷ்.

தனேஷுக்குக் கிள்ளானில், லிட்டல் இந்தியா தெருவில் ஒரு கைப்பேசிக் கடை. எல்லாக் கம்பெனி சிம்மும் விற்றுக்கொண்டு சிவனே என்று இருந்தவனை இந்த விலைச் சண்டை விடவில்லை. எங்கள் சிம்மை மட்டும் விற்பதாக இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, கடை வாடகையில் பாதி தருகிறோம் என்று ரிம்பாவும் ஓம்பாக்கும் அவன் பின்னால் அலைந்தன. யாரோடும் சேராதவனுக்கு இனிமேல் சரக்கே வராது என்ற மிரட்டலும் அதில் இருந்தது. தப்பான பக்கம் சேர்ந்தால் இன்னும் மோசம். வாடிக்கையாளர் நம்பரை மாற்றாமலே மலிவான கம்பெனிக்குத் தாவிவிடுவார்கள். தாவினால் ஏற்கெனவே கொடுத்த கமிஷனைக் கம்பெனி திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். போன வருஷம் காப்பாரில் ஒரு டீலர் அப்படித்தான் கடையை மூடிவிட்டு இப்போது லோரி ஓட்டுகிறார்.

தனேஷ் ரிம்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தான். செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு அவர்களுடைய அலுவலகத்தில் கையெழுத்து. அதற்கு முன் அக்காவைப் பார்க்கப் படியேறி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பொட்டலம் முறுக்கு. முறுக்கை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றான்.

“அக்கா, நேரா கேக்குறேன். ஓம்பாக் எவ்வளவுக்கு வர்றான்?”

“அத என்கிட்ட கேக்காத.”

“ரிம்பா முப்பத்தஞ்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஓம்பாக் அதுக்கு மேலயா கீழயா, அது மட்டும் சொல்லு போதும்.”

“தனேஷ், நான் சைன் பண்ணிக் குடுத்திருக்கேன்டா. வெளிய தெரிஞ்சா எனக்கு இந்த ஊர்ல ஒரு வேலையும் வராது.”

“யார்கிட்ட சொல்லப் போறேன் நான்? நீ வாயத் திறக்க வேணாம். தலைய ஆட்டு, போதும்.”

அவள் கணினித் திரையை அணைத்தாள். அணைத்ததே ஒரு பதில் போல ஆகிவிடுமோ என்று பயந்து திரும்பவும் போட்டாள். அதில் நல்ல வேளையாக ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது.

“ஷாமினி ஆறு மாசம்” என்றான் தனேஷ். ஷாமினி அவன் மனைவி. “கடை போச்சுன்னா நான் ஷா ஆலம் பேக்டரியில போய் நிக்கணும். அது உனக்குப் பரவால்லையா?”

“அப்படிப் பேசாத.”

“வேற எப்படிப் பேசுறது? உனக்கு அவங்க நீட்டுன பேப்பர் பெருசு. சரி விடு லா. நானே எதையாவது புடிச்சுக்கிறேன்.”

அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. சின்ன வயதில் அடி வாங்கினாலும் அழாமல் போய் மூலையில் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை அவன். இப்போதும் அதே மாதிரி திரும்பிக் கதவைத் திறந்தான். மணி இரண்டேகால். முப்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறான், வியாழக்கிழமை எதிர்க்கடையில் இருபத்தொன்பது என்று தொங்கும். கழுத்தை நீட்டப் போகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

“தனேஷ், இன்னிக்கு அஷ்டமி” என்றாள்.

அவன் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றான்.

“அஷ்டமியில கையெழுத்து வேணாம். போடாத.”

இதைச் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ, இந்த அலுவலகத்தை ராகு காலத்தில் திறந்தவள். கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்த ஜோசியரிடம், கல்யாண ஹோல் எந்தத் தேதியில் காலியோ அந்தத் தேதியில் வையுங்கள் என்றவள். வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் அவள் பார்ப்பது பள்ளி விடுமுறையை மட்டும்தான். அஷ்டமி என்பதே அன்று காலையில் மருந்துக் கடை அக்கா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இதெல்லாம் தனேஷுக்கும் நன்றாகத் தெரியும்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு முறுக்குப் பொட்டலத்தின் ரப்பரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“சரிக்கா” என்றான். அவ்வளவுதான். படி இறங்கும் சத்தம், ஏறி வந்ததை விட வேகமாகக் கேட்டது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். விலையைச் சொல்லவில்லை. கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அக்கா தம்பியிடம் நல்ல நாள் பார் என்று சொன்னதற்கு எந்தச் சட்டத்தில் குற்றம் இருக்கிறது? இப்படித் தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தவளுக்கு, யாரிடமும் சொல்லிவிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்புறம்தான் தோன்றியது. கைப்பேசியை எடுத்தாள். எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். எதைச் சொல்லாதே என்பது? இன்றைக்கு அஷ்டமி என்பதையா? அப்படி ஒரு செய்தி அனுப்பினால், தான் ரகசியத்தைச் சொன்னதாகத் தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவள் அனுப்பவில்லை.

நாலு மணிக்குத் தனேஷிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ரிம்பா பக்கம் போகவில்லை, கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன், அப்புறம் பேசுகிறேன் என்றது அது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள், எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

ஐந்தரைக்குக் குகன் கூப்பிட்டான். ரிம்பாவின் விளம்பரத்தைப் பார்க்கும் ஏஜென்சி ஆள். தமிழ் சரளமாகப் பேசுவான், படிக்கத் தெரியாது.

“அக்கா, பெரிய அவசரம். நம்ம போஸ்டர்ல நம்பர் மட்டும் மாத்தணும். ஆறரைக்கு பிரிண்டிங்குக்குப் போகுது.”

“எந்த நம்பர்?”

“விலதான். முப்பத்தஞ்ச எடுத்துட்டு இருபத்தஞ்சு போடுங்க.”

சந்திரகலாவின் கை மௌஸின் மேலேயே நின்றது.

“ஏன் திடீர்னு?”

“அத ஏன் கேக்குறீங்க” என்றான் குகன். அவன் குரலில் களைப்பும் குஷியும் ஒன்றாக இருந்தன. “இன்னிக்கு டீலருங்க நாலு பேரு சைன் பண்ண வரணும். ஒருத்தரும் வரல. ரிம்பாவோட சேல்ஸ் மேனேஜர் அந்த டீலருங்க வாட்ஸ்அப் க்ரூப்ல இருக்காரு. போன தீபாவளி டின்னர்ல சேத்தாங்களாம், அப்புறம் தூக்குனா மரியாதையா இருக்காதுன்னு யாரும் தூக்கல. அதுல ஒருத்தர் மெசேஜ் போட்டிருக்காரு. ரிம்பாவோட சைன் பண்ணாதீங்க, ஓம்பாக் இன்னும் கீழ இறங்குது, சொன்னது என் சொந்த ஆளுன்னு. பாஸ் அதப் பாத்துட்டு உடனே மீட்டிங் போட்டு பத்து வெள்ளி இறக்கிட்டாங்க.”

“யாரு போட்டது?” அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

“கிள்ளான் டீலரு ஒருத்தர். தனேஷ்னு பேரு. அந்த ஆளு மட்டும் போடலன்னா நாங்க முப்பத்தஞ்சுக்கே போய் வியாழக்கிழமை அசிங்கப்பட்டிருப்போம். அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“ஆறரை, மறந்துடாதீங்க.”

இருபத்தைந்து. ஓம்பாக்கின் இருபத்தொன்பதுக்கும் கீழே. ஓம்பாக்கின் பேனர்களெல்லாம் மதியமே அச்சாகி லோரியில் ஏறிவிட்டன, இனி அவர்களால் தீபாவளிக்குள் மாற்ற முடியாது. தனேஷ் எங்கேயும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். ஓம்பாக்கின் ஆள் ஒரு மாதமாக ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவிலேயே தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்ததும் அவள் தம்பியின் நம்பரை அழுத்தினாள். வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே.

கடிகாரம் ஆறைத் தாண்டியது. வேறு வழியில்லாமல் ரிம்பாவின் சுவரொட்டியைத் திறந்தாள். மூன்றை அழித்து இரண்டு போட வேண்டும், ஒரே ஒரு விசைதான். வேண்டுமென்றே தாமதிக்கலாமா, தப்பாக அடிக்கலாமா என்றெல்லாம் மனசு அலைந்தது. எதைச் செய்தாலும், எண் மட்டும்தானே, அரை மணி நேரத்தில் வேறொருவன் சரிசெய்துவிடுவான். அவள் இரண்டைப் போட்டு அனுப்பினாள்.

அனுப்பி முடித்த கையோடு கைப்பேசி அடித்தது. தனேஷ்.

“அக்கா, கூப்டியா? ஓம்பாக்காரனோட பேசிக்கிட்டு இருந்தேன். முடிஞ்சிருச்சு லா. ரெண்டு வருஷம். இப்பத்தான் சைன் பண்ணேன்.” அவன் சிரிப்பது கேட்டது. பின்னால் ஏணி நகரும் சத்தமும் தெருவின் பட்டாசு வியாபாரமும் கேட்டன. “போர்டு அடுத்த வாரம் வருது. இப்ப பேனர் கட்டுறாங்க, வெல இருக்குற எடத்துல மட்டும் பேப்பர் ஒட்டி மறைச்சிருக்கான், வியாழக்கிழமதான் கிழிக்கணுமாம். ஷாமினிகிட்ட சொன்னேன், உங்கக்காவ நான் தப்பா நெனச்சுட்டேன்னு அழுவுறா.”

“க்ரூப்ல ஏன்டா போட்ட?”

“எது? ஓ, அதுவா. நம்ம பசங்க மாட்டிக்கக் கூடாது இல்ல. வேலாயுதம் அண்ணன் நாளைக்கு சைன் பண்றதா இருந்தாரு. உன் பேரு போடலக்கா, சத்தியமா.”

திட்ட வாய் வரவில்லை. கழுத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு அவனாலும் சும்மா இருக்க முடியவில்லை. அக்கா அவனுக்குச் செய்ததைத்தான் அவன் அவர்களுக்குச் செய்திருந்தான்.

“என்னக்கா, பேச மாட்டேங்குற?” என்றான் தனேஷ். “நான்தான் சைன் பண்ணிட்டேனே, இப்பவாவது சொல்லேன். எவ்வளவு?”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இரண்டு தாள்களும் மேசை டிராயரில்தான் இருந்தன. அவள் அவற்றைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

“இருபத்தஞ்சு” என்றாள்.

“அடேங்கப்பா. ஓம்பாக் அவ்வளவு கீழ வர்றானா?”

“ஓம்பாக் இல்லடா. ரிம்பா.”

தெருச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்கிடையில் யாரோ ஒருவன் ஏணி மேலிருந்து, “பாஸ், இது நேரா இருக்கா? கட்டிரவா?” என்று கேட்டான். ஏணிக்காரன் மறுபடியும் கேட்டான்.