பின்னறைக்காக ஒரு மோதல்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மாவட்டத் திருவிழாவில், கார்களை மோதி நொறுக்கும் டெர்பி போட்டியின் சேற்றுத் திடலில், பெற்ற தாயின் காரை இடித்து நொறுக்குவதற்காக ட்வைலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமா என்றால், பயமே இல்லை. இந்த இருபத்து மூன்று வயதுக்குள் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை, அதுதான் உண்மை.

எதிர் வரிசையில் ஒரு பழைய போலீஸ் கார் நின்றது. கண்ணாடியெல்லாம் கழற்றிப் போட்டு, கதவுகளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அதன் ஜன்னலிலிருந்து தாய் ஒலீட்டா கையை ஆட்டினாள்.

"ஏய் ட்வைலா! பல்லைக் கடிச்சுக்கோடி! நாக்கு மாட்டிக்கப் போவுது!"

"உன் பல்லைப் பாத்துக்கோம்மா! இருக்கறதே நாலு!"

முன்வரிசைக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த நாலு பல் மீதும் ட்வைலாவுக்கு இன்று கண் இருந்தது.

விஷயம் என்னவென்றால், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒலீட்டா, கூரை போட வந்த ஒருத்தனோடு கிளம்பிப் போய்விட்டாள். "லாண்டரியில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். ராத்திரியாகியும் வரவில்லையே என்று ட்வைலா போய்ப் பார்த்தால், இயந்திரத்துக்குள் துணி இருந்தது, தாயைக் காணோம். அப்போது தங்கச்சி ஜூனிக்கு நாலு வயது. அன்றிலிருந்து ஜூனிக்குத் தாய், தகப்பன், சமையற்காரி எல்லாம் ட்வைலாதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோழி ஆலையில் நின்று தொடை வெட்டுவாள். சாயங்காலம் அந்த விரலோடு பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். மாசக் கடைசியில் சர்ச்சில் கொடுக்கிற டப்பா பீன்ஸ்தான் மூன்று வேளையும்.

ஒலீட்டா என்ன ஆனாள்? முதலில் போதை மாத்திரை, அப்புறம் ஜெயில், அப்புறம் மறுவாழ்வு விடுதி. எதையுமே முழுசாக முடிக்கத் தெரியாத ஜென்மம் அது. பள்ளிக்கூடம் பாதி, கல்யாணம் பாதி, பிள்ளை வளர்ப்பு பாதி. அப்படிப்பட்டவள் மூன்று வாரத்துக்கு முன்னால், கையில் ஒரே ஒரு பையோடு, டிரெய்லர் வீட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எட்டு மாசமாச்சுடி, ஒரு மாத்திரை தொடல. பின்னறையில ஒரு மூலை குடு, போதும்."

"அங்க ஜூனியோட சைக்கிள் நிக்குது."

"சைக்கிளுக்கு இடம் குடுப்ப, தாய்க்குக் குடுக்க மாட்டியா?"

"சைக்கிள் சொல்லாம கொள்ளாம ஓடிப்போனதில்லம்மா."

வேறு யாராவது இருந்தால் அழுதுகொண்டு திரும்பிப் போயிருப்பார்கள். ஒலீட்டா பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "இந்த வருஷமும் டெர்பி ஓட்டறியாமே. நானும் ஓட்டறேன். நான் ஜெயிச்சா பின்னறை எனக்கு. நீ ஜெயிச்சா இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். சத்தியமா."

"உன் சத்தியமா!" ட்வைலா விலா நோகச் சிரித்தாள். ஆனாலும் சரி என்றாள். டெர்பி என்று கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ட்வைலாவை நாலு மாசம் வயிற்றில் வைத்துக்கொண்டே இந்தத் திடலில் வண்டி ஓட்டியவள் ஒலீட்டா. இந்தப் பந்தயத்துக்காக அவள் பழைய இரும்புக் கிடங்கில் மூன்று வாரம் கூட்டிப் பெருக்கி, கூலிக்குப் பதிலாக அந்தப் போலீஸ் காரை வாங்கிக்கொண்டாள்.

"அம்மணிகளே!" ஒலிபெருக்கி கத்தியது. "வீட்டுக்காரன் மேல இருக்கற கோவத்தையெல்லாம் இங்க இறக்குங்க! டிரைவர் பக்கக் கதவுல மட்டும் இடிக்காதீங்க! முடியலைன்னா ஜன்னல்ல கட்டியிருக்கற குச்சிய உடைச்சிருங்க, தோத்துட்டீங்கன்னு விட்டுருவாங்க! ஒரு நிமிஷம் அசையாம நின்னீங்கன்னா ஆட்டம் காலி!"

பச்சைக் கொடி இறங்கியது. ஏழு வண்டிகளும் ஒரே நேரத்தில் பின்பக்கமாகப் பாய்ந்தன. முன்பக்கம் அடிபட்டால் ரேடியேட்டர் போய்விடும், அது குழந்தைக்குக்கூடத் தெரியும். டமார்! யாரோ ட்வைலாவின் பக்கவாட்டில் இடித்தார்கள். அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, இன்னொருத்தியின் முன்சக்கரத்தைக் குறிபார்த்து மிதித்தாள். சேறு மழையாகக் கொட்டியது. ஆகா, என்ன சத்தம்! வாரம் முழுக்க மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சு, ஒழுகுகிற கூரை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டு, எல்லாம் அந்தச் சத்தத்தில் எங்கோ போயின. முதலில் ஒரு குச்சி உடைந்தது, பிறகு இன்னொன்று. ஒருத்தியின் வண்டி பற்றிக்கொள்ள, தீயணைப்புக்காரர்கள் நுரையோடு ஓடினார்கள்.

பத்தே நிமிஷம். திடலில் ஓடுகிற வண்டி இரண்டுதான் மிச்சம், தாயும் மகளும்.

ஒலீட்டா சுற்றி வந்து மகளின் பின்பக்கத்தில் ஒரு இடி கொடுத்தாள் பாருங்கள், ட்வைலாவுக்குக் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. கிழவி என்று நினைத்தால் கிழவியா இவள்! ட்வைலா விலகி, திரும்பி, முழு வேகத்தில் போலீஸ் காரைக் கட்டைச் சுவரோடு தள்ளினாள். பின்சக்கரம் மடங்கியது. எஞ்சின் நின்றுபோனது. கொடிக்காரன் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தான்.

"குச்சிய உடைம்மா!" ட்வைலா தொண்டை கிழியக் கத்தினாள்.

"உடைக்க மாட்டேன் போடி!" ஒலீட்டா சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

சும்மா நின்றிருந்தாலே ட்வைலா ஜெயித்திருப்பாள். கால் சும்மா இருக்கவில்லை. "இது லாண்டரிக்கு!" என்று ஒரு இடி. பின்னால் போய், "இது ஜூனிக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்த அன்னிக்கு!" என்று இன்னொன்று. கண்ணீர் எப்போது வந்தது என்று தெரியவில்லை, ஹெல்மெட்டுக்குள் மூக்கு ஒழுகியது. சட்டென்று போலீஸ் கார் உறுமியது! மடங்கிய சக்கரத்தை இழுத்துக்கொண்டு, மூக்கை நீட்டிக்கொண்டு வந்து மகளின் வண்டியை ஒரு முட்டு முட்டிவிட்டு, புகை கக்கி அடங்கியது. கூட்டம் எழுந்து நின்றது. பக்கத்து டிரெய்லர் வீட்டு டெல்மாவின் தோள்மேல் ஏறி ஜூனி அலறினாள். யாருக்காக அலறுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுபடி எண்ணிய அறுபது வினாடியும் ஒலீட்டா சாவியைத் திருகினாள். குச்சியைத் தொடவே இல்லை. கடைசியில் கொடிக்காரன்தான் வந்து அதை உடைத்தான்.

ஜெயித்துவிட்டாள்! ட்வைலா வண்டிக் கூரைமேல் ஏறிக் குதித்தாள். இடுப்பு உயரக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். ஒலீட்டா ஜன்னல் வழியாக இறங்கி, உதட்டில் ரத்தத்தோடு, நொண்டிக்கொண்டு வந்தாள்.

"நல்லா இடிச்சடி. முதுகெலும்பு இடம் மாறிப்போச்சு. சரி, பேசுனது பேசுனதுதான். ஜூனிய நல்லாப் பாத்துக்கோ."

டெல்மாவிடம் போய், கொடுத்து வைத்திருந்த பையை வாங்கினாள். ஜூனியின் தலையைத் தடவினாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

ட்வைலா கூரைமேலேயே நின்றாள். அம்மா கெஞ்சுவாள், அழுவாள், காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். இவள் போகிறாளே! திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாளே! வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், அதுவும் விட்டுவிட்டுப் போவதற்காக. கோப்பையை அங்கேயே போட்டுவிட்டுக் குதித்து ஓடினாள். எண்ணெயில் மாவு பொரிக்கிற கடைகளில் நின்ற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, பன்றிக் கொட்டகை வாசலில் பிடித்தாள்.

"எங்க போற?"

"விடுதிக்குத்தான். ஆறு மணிக்கு பஸ்."

"ஒரு வார்த்தை கெஞ்ச மாட்டியா நீ?"

"எதுக்கு? வாக்குக் குடுத்தேன்ல. இத ஒண்ணையாவது ஒழுங்கா செய்யறேன், விடுடி."

ட்வைலா பையைப் பிடுங்கினாள். "பின்னறை கிடையாது. சோபாவுல படு. பாத்திரம் நீதான் கழுவணும். வாராவாரம் விடுதியில சோதனை பண்ணி சீட்டு வாங்கிட்டு வரணும். ஒரு மாத்திரை கண்ணுல பட்டுச்சு, அன்னிக்கே வெளிய."

"ஏய், நீதானே ஜெயிச்ச? ஜெயிச்சா நான் வரக்கூடாதுன்னுதானே பேச்சு. நீயே வாக்கு தவறலாமா?"

"தவறுவேன். நான் யாரு பொண்ணு?"

ஒலீட்டா, பன்றிகள் பார்த்துக்கொண்டிருக்க அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ட்வைலா பையைக் கீழே வைக்கவில்லை.