சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை

மனுவில் அண்ணன் அன்பழகனின் பெயரைப் போடுவதா, வேண்டாமா என்று சுதாராணி உடனே சொல்லியாக வேண்டும். ஒண்டிக்கடை முக்கில் துணிக்கடை மாடியிலிருந்த சின்ன ஆபீசில் செல்வமேரி அக்கா லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட கூலிக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வக்கீல் அவர்.

அன்பழகனின் பாஸ்போர்ட் அங்கே கம்பெனிக்காரன் பெட்டியில். கேம்ப் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. மெஷினில் விரல் போன பிறகும் ஊருக்கு அனுப்பவில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனிடம் முணுமுணுப்பான். போன் அதை எழுத்தாக்கித் தங்கைக்கு அனுப்பும். கடைசியில் தவறாமல் நாயைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும்.

"தனி ஆளு புகார் குடுக்கற கதவ அந்த நாடு தொறக்கவே இல்ல கண்ணு. ஐ.நா. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு, அதோட சரி" என்றார் அக்கா. "ஆனா ஐ.நா. குழு இப்ப அவங்களக் கூப்பிட்டுக் கேள்வி கேக்கப் போகுது. அந்த நாடு குடுக்க வேண்டிய அறிக்கையே வருசக்கணக்கா இழுத்துத்தான் வந்திருக்கு. இத விட்டா அப்புறம் எப்பவோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"பேர் வெளிய தெரிஞ்சிருங்களாக்கா?"

"குழுவுக்குள்ளயேதான் இருக்கும். பேரில்லாமயும் அனுப்பலாம். ஆனா அந்த நாட்டுக்காரங்க பொய்யினு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போயிருவாங்க."

சுதாராணி போனைப் பார்த்தாள். அண்ணன் அனுப்பியது அதிலேயே இருந்தது: 'பேர போடு சுதா பேர் இல்லாட்டி எவன் நம்புவான் நாய் சோறு திங்குதா.'

"போடுங்கக்கா" என்றாள்.

பஸ் பிடித்து எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, அப்பா கருப்பண்ணன் என்றுமில்லாத தெளிவோடு உட்கார்ந்திருந்தார்.

"நானும் சும்மா இருக்கல கண்ணு. அண்ணன் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன்."

"என்னன்னுங்கப்பா?"

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, பெரிய எடத்துக்கு மனு போகுதுங்க, அதுக்குள்ள பையன அனுப்பி வெச்சீங்கன்னா நொம்ப நல்லாருக்கும்னு மரியாதையாத்தான் சொன்னேன். நம்ம ஊர்க்காரர்தான. ஆவட்டும்னாரு."

சுதாராணி அண்ணன் நம்பரை அழுத்தினாள். அப்பாவைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. எஸ்டேட்டில் அதுதான் வழக்கம். எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் கணக்கெழுதுகிற ரைட்டர் காதில் போட வேண்டும். அவரைத் தாண்டி லேபர் ஆபீசுக்குப் போனவனை லைனில் யாரும் மதிக்க மாட்டார்கள். பெரும்பாலும் ரைட்டரே முடித்தும் கொடுத்துவிடுவார். அப்பா ஆயுசுக்கும் கண்டது அந்த ஒரு வழிதான்.

அண்ணனின் போன் அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. மழை பிடித்துக்கொண்டதில் மிளகுக் கொடிகளுக்கு மேலே மூட்டம் இறங்கி, எதிர் லைன்கூடத் தெரியாமல் போனது. அம்மா பொன்னாயி சோற்றை வடித்து வைத்துவிட்டுத் தொடவில்லை.

பிறகு சூப்பர்வைசரின் நம்பரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அன்பழகன், கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துப் படித்தான். "எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டில் அனைவரும் கவலைப்பட வேண்டாம். புகாரைத் திரும்பப் பெறவும்."

"வீட்டிலங்கறான், ஊடுன்னுகூடச் சொல்லல பாருங்க. நாயக் கேக்கல" என்றாள் சுதாராணி. "இது அண்ணன் பேச்சில்லைங்கப்பா."

கருப்பண்ணன் மீண்டும் மீண்டும் அதை ஓட்டிப் பார்த்தார். "என்னாலதான கண்ணு?" என்றார். அவள் குடையை எடுத்தாள்.

இருவரும் ஒண்டிக்கடைக்குப் போனார்கள். செல்வமேரி அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார்.

"சாட்சி சொன்னவன மெரட்டுனா அதைக் கவனிக்கக் குழுவுல ஒருத்தர் இருக்காரு. ஆனா கம்பெனிக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. அதைச் சொல்ல வேண்டியது அப்பாதான். அவர் பேர்லயே."

"எனக்கு எழுத வராதுங்களே" என்றார் கருப்பண்ணன்.

"பேசுங்க, போன் எழுதிக்கும்."

கருப்பண்ணன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். துரை பங்களா வாசலில் நிற்பதுபோல நின்றார். "ஐயா, நான்தானுங்க சொல்லிப்போட்டது. பையன் மேல தப்பில்லைங்க. எம் பேரு கருப்பண்ணனுங்க." சொன்னதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடியது.

அக்கா மொழிபெயர்த்து அனுப்பினார். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கருப்பண்ணன் முகம் மலர்ந்தது.

"என்னங்கம்மா சொல்றாங்க?"

"மனுசன் எழுதுனதில்லைங்க, மெஷின் அனுப்பற பதில். பணமில்லையாம், ஆளில்லையாம், கூட்டமே தள்ளிப் போகலாமாம்." அக்கா லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். "இத மாத்தச் சொல்லித்தான் நாங்க எல்லாரும் கத்திட்டிருக்கோம். அறிக்க வந்தாலும் வராட்டியும் குறிச்ச வருசத்துல அந்த நாட்டக் கேள்வி கேட்டரணும். சாட்சிக்கு ஒண்ணுன்னா அன்னைக்கே ஒரு ஆள் போன எடுத்துப் பேசணும்."

"அப்ப எங்க ரைட்டரே தேவலைங்களே. கதவத் தட்டுனா வெளியவாச்சும் வருவாரு" என்றார் கருப்பண்ணன்.

"புகார வாபஸ் வாங்கிட்டா பையன விட்டுருவாங்களா?" என்றார் பிறகு.

"விட்டாலும் விடலாம். விடாட்டி, அவன் அங்க இருக்கறதயே கேக்கறதுக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

அவர் மகளைப் பார்த்தார். இப்போது சொல்ல வேண்டியது அவள்தான். பெயரைப் போடச் சொன்னதும் அவள்தானே.

"புகார் இருக்கட்டுங்கக்கா. எடுக்க வேண்டாம்" என்றாள்.

கீழே எஸ்டேட் பக்கம் போகிற செம்மநத்தம் பஸ் ஹாரன் அடித்தது. கருப்பண்ணன் எழுந்திருக்கவில்லை. அப்போது மேசையில் அவருடைய போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர் நம்பர்.

கை தானாகப் போன் பக்கம் நீண்டது. உதட்டில் 'ஏனுங்க' வந்துவிட்டது. அப்படியே நிறுத்தி, போனை மகள் பக்கம் நகர்த்தினார்.

சுதாராணி ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு எடுத்தாள்.