குடத்துக்காரியும் மூன்று பறவைகளும் ஒரு புள்ளியும்

ஒரு காலத்தில் இங்கிலாந்து தன் கைதிகளைக் கப்பலில் அனுப்பிவைத்த டாஸ்மேனியாவில், ஹுவான் ஆற்றங்கரையில் இருக்கும் டாரன்ட் துறையில், பில்பீம் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் பதினான்கு வயது நிறைகிற வாரத்தில் இடது முன்கையில் குடம் ஏந்திய ஒரு பெண்ணும் மூன்று பறவைகளும் கடுகளவு ஒரு புள்ளியும் தோன்றும். முதல் நாள் அரிக்கும். மூன்றாம் நாள் குடம் தெரியும். ஏழாம் நாள் எல்லாம் கரும்பச்சையாகத் துலங்கிவிடும். பிறகு சாகும்வரை அழியாது. ஆண் பெண் பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. மருமகளாக வந்தவர்களுக்கு வராது, அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு வரும், மகள்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் வரும். ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசியதில்லை, காரணம் யாரும் பார்த்ததில்லை. பிப்ரவரிக் கோடை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில்கூட பில்பீம்கள் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட சட்டையோடுதான் ஆப்பிள் தோட்டத்தில் ஏணி ஏறுவார்கள். அது அரசாங்கம் குத்திய கைதி முத்திரை, அப்பன் பட்ட அவமானம் பிள்ளைகளின் தோலிலும் இறங்குகிறது என்று அவர்களுக்குள் காதும் காதும் வைத்தாற்போல ஒரு பேச்சு இருந்தது. வெளியே கேட்டால் முதல் பாட்டன் சிப்பாயாக வந்தவர். டாரன்ட் துறையில் எந்த வீட்டில் கேட்டாலும் முதல் பாட்டன் சிப்பாய்தான். இத்தனை சிப்பாய்கள் சேர்ந்து யாரைக் காவல் காக்கக் கப்பலேறி வந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, கேட்கக்கூடியவர் வீட்டிலும் ஒரு சிப்பாய் இருந்தார். அநேகமாக எல்லா வீட்டு பைபிளிலும் பிறந்தவர் இறந்தவர் பெயர் எழுதும் முதல் தாள் சவரக்கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

1935இல் கிளாரி பில்பீமுக்கு அடையாளங்கள் வந்தபோது அவன் அப்பா ஒரு முடிவு எடுத்தார். மகனைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், சோப்புக் காய்ச்ச வைத்திருந்த காரத்தை எடுத்து, குடத்துக்காரியைத் தேய்த்து எரித்தார். பையன் மயங்கி விழுந்ததால் பறவைகள் தப்பின. புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. ஆறிய தோல் வழவழவென்று சுத்தமாக இருந்தது, அப்பாவுக்குத் திருப்தி. ஆனால் அன்றிலிருந்து கிளாரிக்குத் தன் தாயை அடையாளம் தெரியாமல் போயிற்று. மற்ற எல்லாரையும் தெரியும், நாயின் பெயர் தெரியும், வாய்ப்பாடு தெரியும். அவளைத்தான் தெரியாது. அவளும் சளைக்கவில்லை. தினமும் காலையில் கஞ்சிக் கிண்ணத்தை வைக்கும்போது, "நான் உன் அம்மா, கிளாரி" என்பாள். "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்" என்று அவன் மரியாதையாக எழுந்து நிற்பான். இருபத்தொன்பது வருடம் இது நடந்தது. 1964இல் அவள் இறந்தபோது, யாரோ ஒரு நல்ல மனுஷி போய்விட்டாள் என்று வருத்தப்பட்டு கிளாரி சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அதன் பிறகு தங்கை ஏவரிலின் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "யாரு இந்தம்மா? நல்ல களையான முகம்" என்று கேட்பார். ஏவரில் ஒவ்வொரு முறையும் சொல்வாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் நின்று அழுதுவிட்டு வருவாள்.

ஏவரிலுக்குப் பதினான்கு வயது வருமுன் அப்பா இறந்துவிட்டார். ஆகவே அவள் கையில் ஐந்தும் அப்படியே இருந்தன. ஆப்பிள்களை ஒவ்வொன்றாக மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. கணவன் படகோடு போய்ச் சேர்ந்த பிறகு மகள் மெர்ல்தான் அவளுக்கு எல்லாம். மெர்ல் நீச்சல்காரி. பள்ளிக்கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. 1975 மார்ச் ஒன்பதாம் தேதி அவளுக்குப் பதினான்கு முடிகிறது, அந்த மாதக் கடைசியில் ஆற்றுத் திருவிழாவில் பந்தயம். முழுக்கைச் சட்டையோடு நீந்த முடியாது. அந்த வருடம் ஊராட்சித் தேர்தலில் நிற்கவிருந்த கிளாரி, தலைநகர் ஹோபார்ட்டில் தோலைச் சுரண்டி எடுக்கும் மருத்துவர் ஒருவரிடம் தானே நாள் குறித்துவிட்டு வந்தார்.

"இப்பல்லாம் காரம் கீரம் கிடையாது. ஊசி போட்டு மரத்துப் போக வெச்சுத்தான் எடுப்பாங்க" என்றார். "என்னைப் பாரு, எனக்கு என்ன கெட்டுப் போச்சு?"

ஏவரில் கணப்படுப்புக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். மெர்லுக்கோ அவசரம்.

"முழுக்கை போட்டா பசங்க சொறியா சிரங்கான்னு கேப்பாங்கம்மா. எடுத்துட்டா ஒரேயடியா தொல்லை விட்டது."

"வலிக்குன்னு நான் பயப்படலடி. நாளைக்கு நீ என்னைப் பாத்து யாருங்க நீங்கன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப குடத்துக்காரிய விட்டுடச் சொல்லு. பறவைய மட்டும் எடுக்கட்டும்."

"பறவை யாரு? புள்ளி யாரு? தெரியாம எதை எடுக்கச் சொல்றது?"

யார் யார் என்று தெரிந்துகொள்ளாமல் பெண்ணின் கையில் கத்தி படவிடுவதில்லை என்று ஏவரில் பிடிவாதமாக நின்றாள். மருத்துவர் குறித்த நாளுக்கு மூன்று மாதம் இருந்தது.

1974 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை ஏவரில் பேருந்து பிடித்து ஹோபார்ட் ஆவணக் கூடத்துக்குப் போனாள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த திருமதி ஸ்பார்கோ, வருகிற எல்லாரையும் கேட்பதுபோல, "சிப்பாயைத் தேடி வந்தீங்களா?" என்று கேட்டாள். "இல்லைங்க, கைதி" என்றாள் ஏவரில். திருமதி ஸ்பார்கோ பேனாவைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருட வேலையில் அந்தச் சொல்லை யாரும் அவளிடம் முழுக் குரலில் சொன்னதில்லை. உள்ளே போய்த் தோல் அட்டை போட்ட ஒரு பெரிய பதிவேட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜேபஸ் பில்பீம், வயது பதினான்கு, இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டம் ஹேசல்டன் கிராமம். உயரம் நாலரை அடி, முகத்தில் புள்ளிப்புள்ளியாக மச்சம், மேல்வரிசை முன்பல் ஒன்று இல்லை. குற்றம், வேலியில் உலர்த்தியிருந்த கம்பளி ஒன்றைத் திருடியது. தண்டனை, ஏழு வருடம் கடல் கடத்தல். கீழே உடல் அடையாளங்கள் என்ற இடத்தில், இடது கையில் குடம் ஏந்திய பெண், பறவை மூன்று, புள்ளி ஒன்று என்று எழுதியிருந்தது. ஏவரில் தன் சட்டைக் கைப் பொத்தானை அவிழ்த்து, ஏட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டி வைத்தாள். திருமதி ஸ்பார்கோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டையும் ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள்.

"அரசாங்கம் எதுக்கு இப்படிக் குத்துச்சு?" என்று ஏவரில் கேட்டாள்.

"அரசாங்கத்துக்கு ஏதும்மா அவ்வளவு நேரம்? கப்பல்ல ஊசியும் விளக்குக் கரியும் வெச்சுப் பயலுங்க தாங்களே குத்திக்கிட்டது. திரும்பிப் போய்ப் பாக்க மாட்டோம்னு அதுங்களுக்குத் தெரியும். மறந்துடக் கூடாதில்ல."

ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. தாய் கெசையா, இவனுக்கு இளையவர் மூவர், கைதான அன்று தாய் பிரசவ வலியில் இருந்தாள். கம்பளி எதற்கு என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்டதாகக் குறிப்பு இல்லை. பிறந்தது ஆணா பெண்ணா, பிழைத்ததா போயிற்றா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் அதற்கு இறகு போடாமல் ஒரு புள்ளியோடு நிறுத்திவிட்டான். ஏவரில் அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். பதினான்கு வயதுப் பிள்ளை தன் தாயைக் கையில் எழுதிக்கொண்டு உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்திருக்கிறான்; நூறு வருடத்துக்கும் மேலாக அவன் வம்சமே அவளைத் திருட்டு முத்திரை என்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறது. ஜேபஸ் தன் பிள்ளைகளிடம் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை. மூத்த மகன் கையில் முதன்முதல் அது தோன்றியபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் கையாலேயே பையனின் பொத்தானைப் போட்டுவிட்டாராம். அதைத்தான் எல்லாரும் உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெர்ல் ரொட்டியைக் கடித்தபடி கேட்டாள். கம்பளி இடம் வந்ததும் மெல்லுவதை நிறுத்தினாள். "அந்தப் பாப்பாவுக்குக் குளிரியிருக்கும்ல" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தானே மாமா வீட்டுக்குப் போய், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிளாரி கோபத்தோடு வந்து நின்றார். குடும்ப மானம், தேர்தல், ஊர் வாய் என்று அடுக்கினார். "கைதி வம்சம்னு கையிலேயே எழுதி வெச்சுக்கிட்டு நீந்தப் போறியா?" என்றார். "ஆமா மாமா" என்றாள் மெர்ல். அவர் படத்தைப் பார்த்தார், யாரு இந்தம்மா என்று வழக்கம்போலக் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். மார்ச் ஒன்பதாம் தேதி அரிப்பு தொடங்கியது. பதினைந்தாம் தேதிக்குள் ஐந்தும் வந்துவிட்டன. திருவிழாவில் மெர்ல் கையில்லாத நீச்சலுடையில் படித்துறையில் நின்றபோது ஊர் முழுக்க அவள் கையைத்தான் பார்த்தது. பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். மறுவாரம் பேக்கரி வீட்டுக் கிழவர் ஏவரிலைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் சிப்பாய் திருடியது ஒரு பன்றிக்குட்டி என்று சொன்னார்.

இதற்கிடையில் ஏவரில் ஹேசல்டன் கிராமத்துப் பாதிரியாருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். கெசையாவின் பிள்ளைகள் வழியில் யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பாதிரியார் அதை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படித்துக் காட்டினார். ஏப்ரல் முதல் வாரத்தில் பதில் வந்தது. எழுதியவர் ரூபன் கேட், வயது அறுபத்தைந்து, பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் தாய்வழிப் பாட்டியின் தாய் தெர்சா, கெசையாவின் கடைசி மகள் என்று எழுதியிருந்தார். தங்கள் குடும்பத்திலும் பதினான்கு வயதில் ஒன்று வரும், வலது கையில், ஒரு பையன் வடிவம். முதுகு மட்டுமே தெரியும், நடந்து போய்க்கொண்டிருப்பான். கெசையா அம்மாள் யாரையோ நினைத்து ஊசியால் குத்திக்கொண்டது என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. கெட்ட சகுனம் என்று கட்டுப்போட்டு மறைப்பது வழக்கம். முப்பது வருடம் கையில் கட்டோடு சீட்டுக் கிழித்தேன், பயணிகள் போரில் அடிபட்டவன் என்று எண்ணி எழுந்து இடம் கொடுத்தார்கள், நானும் மறுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். கடைசி வரி இது: அவன் முகம் உங்களிடம் இருக்கிறதா?

முகம் அவர்களிடமும் இல்லை. ஜேபஸுக்குப் படமே கிடையாது. ஏவரில் அதை எழுதியபிறகும் ரூபன் மே மாதம் விமானம் ஏறி வந்துவிட்டார், குடையும் கைப்பெட்டியுமாக. அடுக்களை மேசையில் அவர் வலது கையை வைத்தார், பக்கத்தில் மெர்ல் இடது கையை வைத்தாள். பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். குடத்துக்காரி அவன் போகிற திசையைப் பார்த்து நின்றாள். ஏவரில் விரல் வைத்து விளக்கினாள். இது கெசையா. இது மூன்றும் இளையவர்கள்.

"ஏமஸ், டார்க்கஸ், சைலஸ்" என்றார் ரூபன். "எங்க பைபிள்ல இருக்கு. தாள் அறுபடல. இந்தப் புள்ளி?"

"அவன் போன அன்னிக்குப் பொறந்த குழந்தை. என்ன குழந்தைன்னு அவனுக்குத் தெரியாது."

ரூபன் அந்தப் புள்ளியைத் தொடாமல் அதற்கு மேலே விரலைப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நான் புள்ளி வீட்டுக்காரன்" என்றார். "பொழச்சுதும்மா அது. எம்பத்தோரு வயசு வரைக்கும் இருந்துச்சு. பதினோரு பிள்ளைங்க."

மெர்ல் தன் கையைப் பார்த்து, கேட்டுச்சா என்றாள். அவள் யாரிடம் கேட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை ரூபனின் கையில் இருந்த பையன் திரும்பி நின்றான். முகமெல்லாம் புள்ளிப்புள்ளியாக மச்சம். ஏதோ சொல்ல வந்ததுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. ராத்திரி முழுக்க அரித்துத் தள்ளிவிட்டது என்று ரூபன் குறைப்பட்டார். ஏவரில் வாஸலின் களிம்பு தடவிவிட்டாள். எட்டு மணிக்கு, இங்கிலாந்திலிருந்து யார்தான் வந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று கிளாரி முழுக்கைச் சட்டையோடு வந்தார். ஏப்ரலில் நடந்த தேர்தலில் அவர் ஜெயித்திருந்தார், ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரூபனோடு கை குலுக்கும்போது பையன் தென்பட்டான். கையை விடாமல் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். மெர்லின் கையை இழுத்துக் குடத்துக்காரியையும் பார்த்தார். நம்ம ஜாடைதான் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் கணப்படுப்புக்கு மேலே போயிற்று.

"அம்மா படம் கோணலா மாட்டியிருக்கே" என்றார். "இத்தனை நாளா யாரும் கவனிக்கலயா?"

எழுந்து போய்ப் படத்தை நேராக வைத்து, கண்ணாடிமேல் இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். துடைக்கையில் பொத்தான் கழன்று கை முழங்கை வரை ஏறிக்கொண்டது, அவர் அதை இறக்கிவிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஏவரில் அவருக்குத் தேநீர் ஊற்றி, இரண்டு முட்டை வைத்தாள்.