சத்தமில்லாத தீபாவளி

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொல்லித்தான் இந்தக் கேடு வந்தது. மதுராந்தகத்தைத் தாண்டி ஓர் ஏரி, அதற்குள் நீர்க்கடம்பு மரங்கள், ஐப்பசி பிறந்தால் வந்து இறங்கும் நாரைகளும் கூழைக்கடாக்களும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் சொன்னது ஸ்ரீவத்சனிடம். மயிலாப்பூரில் லஸ் பக்கம் டூர் கம்பெனி நடத்துகிறவர். அவரிடம் ஒன்பது வருடம் வேன் ஓட்டினேன். தீபாவளிக்கு லீவு கேட்டபோது, ஊருக்குப் போய் வெடிக்கிற வெடியை இங்கேயே வெடியேன் அய்யாதுரை என்றார். எங்கள் ஊரில் வெடிக்க மாட்டோம் சார், பறவைகள் மிரண்டுவிடும், அறுபது வருடமாக ஒரு ஓலைவெடிகூட வெடித்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எல்லாம் பெருமை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த வருடமே ஆபீஸ் சுவரில் போஸ்டர் ஏறியது. 'சத்தமில்லாத தீபாவளி! ஏரிக்கரையில் இரண்டு நாள்.' பட்டாசுக்கு நடுங்கும் நாய் வைத்திருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. சென்னையில் இத்தனை பேர் சத்தத்துக்குப் பயந்து கிடக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். சத்தத்துக்குப் பயப்படுகிறவன் தானும் சத்தம் போடமாட்டான் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் வருடம் இரண்டு வேன்தான். போன வருடம் பதினாலு, அது போக சொந்தக் கார்கள். நாய்களைக் கரையில் அவிழ்த்து விட்டார்கள். பறவை இறங்கினால் கை தட்டினார்கள். மரத்துக்கு மேலேயே டிரோனை ஓட்டினார்கள். சாயங்காலம் கரையில் புல்லாங்குழல் கச்சேரி. அதற்கு மைக், மைக்குக்கு ஜெனரேட்டர். நடுவில் ஒருவர் அதே மைக்கைப் பிடித்து, பறவைகள் இருக்கின்றன, தயவுசெய்து அமைதி காக்கவும் என்று மூன்று முறை அறிவித்தார். நான் வேனுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும், குச்சி பொறுக்கிக் கூடு கட்டிக்கொண்டிருந்த பறவைகள் மொத்தமாக எழும்பின. இரண்டு மூன்று வட்டம் அடித்தன. இறங்கவில்லை. தையில் போய்ப் பார்த்தபோதும் மரங்களில் அரைகுறைக் கூடுகள்தான் இருந்தன. எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு உரம். அந்தப் போகத்துக்கு எல்லோரும் யூரியா மூட்டை சுமந்தார்கள்.

இந்த வருடம் வேண்டாம் சார் என்று ஸ்ரீவத்சனிடம் கெஞ்சினேன். குப்பைத்தொட்டி வைத்துவிடலாம் என்றார். ஊர்த் தலைவர் கோபாலிடம் போனேன். அவர் வந்தவர்களுக்காக மாடியில் நாலு ரூம் கட்டி, ஏ.சி.யும் மாட்டியிருந்தார். பறவை போனதற்குக் காரணம் மழைதான் என்று சாதித்தார். இதற்கு மேல் யாரிடம் போய் நிஜம் பேசுவது?

புரட்டாசியில், புக் பண்ணியவர்களை எல்லாம் அபிராமபுரத்தில் ஒரு ஹாலுக்கு வரவழைத்தார் ஸ்ரீவத்சன். நூறு பேர் இருக்கும். ஏரிப் படங்களைத் திரையில் காட்டினார். எல்லாம் போன வருடத்துக்கு முந்தின வருடம் எடுத்தவை, பறவைகள் நிறைந்த மரங்கள். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"அந்த அறுபது வருஷக் கதையை நீயே சொல்லிடு அய்யாதுரை. நான் சொன்னா விளம்பரம் மாதிரி இருக்கும்."

மைக்கைக் கையில் வாங்கினேன்.

"அதெல்லாம் முடிஞ்சி போச்சு சார். இந்த வாட்டி எங்க ஊர்லயும் வெடிக்கப் போறாங்க. கூட்டம் போட்டுப் பேசிட்டாங்க. பத்தாயிரம் வாலா ஆர்டர் குடுத்துக்கீறாங்க."

ஹால் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை இவர்கள் ஏரிக்கரையில் காட்டியிருந்தால் நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்? ஸ்ரீவத்சன் சிரித்து மழுப்பிக்கொண்டே கோபாலுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. முன்வரிசையில் ஜலஜா மாமி மடியிலிருந்த நாயின் காதைப் பொத்தியபடி எழுந்தார். போன வருடம் இரண்டு நாளும் அந்த நாய்தான் கொக்கைத் துரத்தியது.

"இது ஒரு வெடி கேட்டாலே மூணு நாள் சாப்பிடாது. நல்ல வேளை, நீயாவது நிஜத்தைச் சொன்னியேப்பா" என்றார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மைக்கை வாங்கியதற்கு வருத்தப்படவில்லை. சாயங்காலத்துக்குள் ஒருவர் விடாமல் கேன்சல் செய்துவிட்டார்கள். மறுநாள் கோபால் போனில் கிடைத்து, அதெல்லாம் சுத்தப் பொய் என்று சொன்னாராம். அதை ஸ்ரீவத்சன் குரூப்பில் போட்டார். வியாபாரி அப்படித்தானே சொல்வார் என்று யாரும் நம்பவில்லை.

"ஒன்பது வருஷம் ஆத்து மனுஷனாட்டம் வச்சிண்டிருந்தேன். இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார் ஸ்ரீவத்சன். ஆத்து மனுஷனுக்கு அந்த ஒன்பது வருடமும் காகித டம்ளரில்தான் காபி வந்தது.

வேலை போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ரூம் கட்டியவர்களுக்குப் பிழைப்பு போன கோபம். மற்றவர்களுக்கு மானம் போன கோபம். வெடிக்காத ஊரை வெடிக்கிற ஊர் என்று நாலு பேர் நடுவில் மைக் போட்டுச் சொன்னவன் எப்படி இந்த மண்ணில் பிறந்திருப்பான் என்று கேட்டார்கள். நான் காரணம் சொன்னேன், காது கொடுப்பாரில்லை. எல்லோரையும்விட அதிகம் கத்தியது என் அக்கா கெங்கம்மா. அவள் பெற்ற மூன்று பிள்ளைகளும் மத்தாப்பைக்கூடக் கையால் தொட்டதில்லை. அந்த மூன்று பேரையும் நான் பொய்யர்கள் ஆக்கிவிட்டேன் என்றாள். இனி நான் ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. முடிவைப் படித்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். கே.கே. நகரில் ஒரு ரூம். பிறந்து நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறையாகத் தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் இங்கே கிடந்தேன். விடியற்காலை நாலு மணிக்கே தெரு வெடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. ஜலஜா மாமியின் நாய்மேல் அன்றைக்குத்தான் கொஞ்சம் இரக்கம் வந்தது.

பத்து மணி வாக்கில் போன் அடித்தது. அக்கா.

"வந்துடுச்சுங்க" என்றாள். "மரம் தெரியல, அம்மாம் பறவை. கரையில ஒரு காரு இல்ல."

பொங்கலுக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டுமா அக்கா, கரைக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன் என்று கேட்டேன்.

"நீ வராத" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. அவள் கரையில்தான் நின்றிருக்க வேண்டும். போனுக்குள் நாரைகள் அலகைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சரவெடியைப் பற்றவைத்தார்கள். ஒரு காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, இன்னொரு காதில் போனை அழுத்திக்கொண்டு, அவள் வைக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.