கொக்கியை உள்ளே மடக்குங்க

இருபத்திரண்டு வருடமாகக் கம்பி கட்டுகிறேன். பள்ளிபாளையத்தில் நான் கட்டிய பில்லர்களுக்குக் கணக்கே இல்லை. போன தையில் குடிபோன என் சொந்த வீட்டுக்கும் கம்பி கட்டியது நான்தான். அப்படிப்பட்டவன் வளைத்து அடுக்கியிருந்த ரிங்குகளில் ஒன்றை எடுத்து, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வந்த இன்ஜினியர் தேவிப்ரியா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூபதியண்ணா, கொக்கிய இன்னும் உள்ள மடக்கோணுங்க. இப்படி இருந்தா பூமி ஆடறப்ப பிரிஞ்சுக்கும்.”

பில்லரில் நிற்கும் நான்கு கம்பிகளையும் சேர்த்துப் பிடிக்கும் சதுர வளையம்தான் ரிங். அதன் இரு முனைகளையும் கொக்கியாக, நான் மூலைமட்டம் வைத்தாற்போல் செங்கோணத்தில் மடக்குவேன். முனை சாய்ந்து பில்லரின் வயிற்றுக்குள் போக வேண்டும் என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. “நம்மூர்ல எங்கீங்க மேடம் பூமி ஆடுது?”

“ஆடாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

கோபம் மறுநாளே போய்விட்டது. கேள்விதான் போகவில்லை. ஒரு விரற்கடை மடிப்பில் அப்படி என்ன வந்துவிடும்?

“அஸ்திவாரம் முடிய இன்னும் இருவது நாளாகுமுங்க. அதுக்குள்ள ரெண்டையும் செஞ்சே பாத்தரலாமா?” என்று நானே கேட்டேன். தேவிப்ரியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நாலு இஞ்சு கனத்தில், இரண்டு சாண் உயரத்தில் இரண்டு குட்டி பில்லர்கள் வார்த்தோம். ஒன்றில் என் ரிங்கு, மற்றதில் அவர் சொன்னது. பதினெட்டு நாள் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்து, என் சிநேகிதன் இம்தியாஸின் லாரிப் பட்டறைக்குத் தூக்கிப் போனோம். லாரியில் இறுகிப்போன புஷ்களை அழுத்திக் கழற்றுகிற பெரிய ப்ரஸ் அவனிடம் இருக்கிறது.

“லாரிக்காரங்க பாத்தா எனக்குப் பைத்தியம்னுருவாங்க” என்றபடி என் பில்லரை முதலில் வைத்து அழுத்தினான்.

மேல்பூச்சு போல ஓரம் உதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் பார்த்தேன். என் கொக்கிகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. நான்கு கம்பிகளும் வெளியே பிதுங்க, உள்ளே இருந்த கான்கிரீட் பொலபொலவென்று கொட்டியது.

இரண்டாவதற்கும் ஓரம் உதிரத்தான் செய்தது. ஆனால் கொக்கி நடுக் கான்கிரீட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. இம்தியாஸ் மேலும் மேலும் அழுத்தினான். பில்லர் நசுங்கிக் குட்டையானதே தவிர, கொட்டவில்லை.

நான் கிட்டே போய் அந்தக் கொக்கியை விரலால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“அடுக்கி வெச்சதையெல்லாம் ஓரங்கட்டிட்டுப் புதுசா வளைச்சர்றேனுங்க மேடம்.”

“சரிங்கண்ணா” என்று அவர் கிளம்பினார். நான் கூப்பிட்டு நிறுத்தினேன்.

“மேடம், கட்டி முடிச்சுப் பூசுன பில்லருக்கு வெளிய இருந்து எதாச்சும் பண்ண முடியுமுங்களா?”

“சுத்திலும் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக் கனமாக்கலாமுங்க. நேர்ல வந்து பாக்கோணும். யாரு ஊடு?”

வாய் பிளந்த என் ரிங்கைத் தரையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சொல்லவே பயமாக இருந்தது.

“எங்க ஊடுதானுங்க. ஒம்பது பில்லரு. ஒம்பதுலயும் இதே ரிங்குதான்.”